தூண் வைத்த கேபின்

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த கையோடு அவர் கூடத்தைக் காலி செய்யத் தொடங்கினார். சோபாவைச் சுவரோடு சுவராகத் தள்ளினார். டீப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தார். டி.வி.க்கு மட்டும் விலக்கு அளித்தார். அதன் வயர்களோடு மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமை இல்லை. பிறகு பழைய முழங்கால் பட்டைகளை எடுத்துக் கட்டிக்கொண்டு, நீல நிற ஒட்டு டேப்போடு தரையில் இறங்கினார்.

"கப்பல் வர்றதுக்கு முன்னாடியே வீடு கவுந்துடுச்சு," என்றார் அவர் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி.

"பேசாம இரு. அளவு தப்பிடும்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுத் தரைகளுக்குக் கார்ப்பெட்டும் வினைலும் போட்ட மனிதர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கார்ப்பெட்காரர் என்றால்தான் தெரியும். வேலையை விட்ட பிறகும், எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் தரைக்குத்தான் போகும். இருப்பவர்களின் முகமெல்லாம் அப்புறம். முதல் முறை இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார் தன் செருப்பை முறைக்கிறார் என்று பயந்துபோனதை மருமகள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வீட்டில் கப்பல் பேச்சு இன்று நேற்று எழுந்ததல்ல. பிள்ளைகள் மூன்று பேரும் சிறியவர்களாக இருந்தபோது குடும்பம் ஒரு கார்ப்பெட் கிடங்கின் பின்பக்க அறையில் குடியிருந்தது. லாரியில் சரக்கு வந்து இறங்கும் நாள்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இருப்பதிலேயே பருத்த சுருளைத் தரையில் கிடத்தச் சொல்லி, அதன் மேல் வரிசையாகக் கால் போட்டு உட்காருவார்கள். சுருளுக்குள்ளிருந்து உருவிய நீண்ட அட்டைக் குழாய்கள் துடுப்பு. மூத்தவள் முன்னால் உட்கார்ந்து புயல் வருகிறதா, கரை தெரிகிறதா என்று சொல்லுவாள். அவள்தான் கேப்டன். தலையில் சுருளோடு அவர்களைத் தாண்டிப் போகும்போது, "ஒரு நாள் உங்களை நெஜக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன் பாரு," என்று அவர் சொல்லுவார். பிள்ளைகளிடம் சொல்கிற பத்துப் பேச்சில் அதுவும் ஒன்று. மற்ற ஒன்பதும் அவருக்கு மறந்துவிட்டன. இது மட்டும் எப்படியோ உள்ளே தங்கிவிட்டது. மூன்று பேரும் வளர்ந்து, இரண்டு பேருக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகளும் வந்த பிறகு, இந்த வருடம்தான் அதற்கு வேளை வந்தது.

டிராவல்ஸ் பெண் விளம்பரப் புத்தகங்களைக் கொடுத்து இரண்டு கப்பல்களைக் காட்டியிருந்தாள். முதலாவது பெரியது. நீச்சல் குளம், சறுக்குக் குழாய் என்று குழந்தைகளுக்குத் தேவையானதெல்லாம் உண்டு. முக்கியமாக, குடும்பக் கேபின் என்று ஒன்று இருந்தது: நடுவில் பெரிய அறை, இரண்டு பக்கமும் தம்பதிகளுக்குச் சின்னச் சின்ன அறைகள். நடு அறையில் சுவரிலிருந்து இறங்கும் படுக்கைகள். அங்கே தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள், மூத்தவள். இரண்டாவது கப்பல் சிறியது, கொஞ்சம் பழையது. எல்லாம் தனித்தனி அறைகள், ஒரே ஆளுக்கான அறைகூட உண்டு. சறுக்குக் குழாய் கிடையாது. அவர் அந்த இரண்டாவது புத்தகத்தை முழுதாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் புத்தகத்தில், 'மொத்தக் குடும்பமும் ஒரே கூரையின் கீழ்' என்று போட்டிருந்த பக்கத்தில் மட்டும் அவர் விரல் பட்டுப் பட்டு அழுக்கு ஏறியிருந்தது.

நாளைக் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். மூத்தவள் வரமாட்டேன் என்கிறாள்.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கப்பா. எனக்குக் கடை இருக்கு," என்று போனில் முடித்துவிட்டாள்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தனி ஆள். ஒரு வாரம் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமலா போகும்? கேப்டன் இல்லாமல் கப்பல் எதற்கு? அவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அவளுக்கு இட நெருக்கடி என்ற பயம். புத்தகத்தில் படம் பார்த்தால் எல்லா அறையும் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும். உண்மை அளவில் தரையில் போட்டுக் காட்டிவிட்டால் வந்துவிடுவாள். நாள் முழுக்க ஊர்க்காரர்களின் கண்ணைச் சோதிப்பவள், தன் கண்ணால் பார்த்தால் நம்பாமலா இருப்பாள்?

அப்படித்தான் அவர் முட்டி போட்டுக் கூடம் முழுக்கத் தவழ்ந்து, கேபினின் நடு அறையை வரைந்து முடித்தார். கதவுக்கு இடைவெளி விட்டார். எதிர்ப்பக்கம் ஜன்னலுக்கு இரட்டைக் கோடு போட்டார். எழுந்து நின்று பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்திருந்தது. நெடுநாள் கழித்துத் தரையில் உட்கார்ந்ததன் சுகம் முழங்கால் வலியையும் மீறித் தெரிந்தது.

முதலில் வந்தது மகன் குடும்பம். பஸ் ஓட்டுகிறவன், லீவு நாளில்கூட வீட்டுக்குள் நுழையும்போது பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். அவனுடைய பத்து வயது மகளுக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் வக்கீல். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அவள் தம்பிக்கு வாலு என்று பெயர். காரணம் விளக்க வேண்டியதில்லை.

"தாத்தா, இந்தச் சுவர் எவ்வளவு உயரம்?" என்றாள் வக்கீல், நீலக் கோட்டைக் காட்டி.

"கூரை வரைக்கும்."

"அப்ப அப்பா எப்படி உள்ள வந்தாரு?"

மகன் கோட்டைத் தாண்டி நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"வெளிய போங்கப்பா. கதவு வழியா வாங்க."

"ஏய், நான் உங்கப்பன்டி."

"அப்பனா இருந்தாலும் சுவருக்குள்ள பூந்து வர முடியாது."

ஊருக்கே வழி விட்டு வண்டி ஓட்டுகிறவன், மகளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்ற முகத்தோடு வெளியே போய், சுற்றிக்கொண்டு கதவு வழியாக உள்ளே வந்தான். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து கடைக்குட்டி மகள், கைக்குழந்தையோடும் கணவனோடும் வந்தாள். மாப்பிள்ளை நல்ல உயரம். எல்லோரும் படுத்துப் பார்க்க வேண்டும் என்று கார்ப்பெட்காரர் உத்தரவு போட்டதும், மரியாதை தெரிந்த அந்தப் பிள்ளை மறுப்புச் சொல்லாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார்.

"ஐயோ, மாமா காலு கடல்ல கெடக்கு!" என்று வாலு கத்தினான்.

"மீன் கடிச்சா சொல்லுங்க மாப்பிள்ளை," என்றான் மகன்.

"உங்க தங்கச்சி கடிக்கிறதுக்கு மீன் எவ்வளவோ தேவலை, மச்சான்."

கடைக்குட்டி தலையணையை எடுத்துக் கணவன் மேல் வீசினாள். அது ஜன்னலைத் தாண்டிப் போய் டி.வி.க்குக் கீழே விழ, கடலில் விழுந்த பொருளை யார் எடுப்பது என்று ஒரு வழக்கு ஆரம்பமானது. கார்ப்பெட்காரர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தான். இந்தச் சத்தத்துக்காகத்தான். எல்லோரும் போன பிறகு இந்த வீட்டில் குக்கர் விசில் தவிர வேறு சத்தமே கேட்பதில்லை.

மூத்தவள் வந்தபோது எல்லோரும் படுத்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, டேப்பில் கதவுக்காக விட்டிருந்த இடைவெளியில் வந்து நின்றாள்.

"வா கேப்டன்," என்றார் அவர். "பார்த்தியா, எவ்வளவு இடம்? உனக்கு அந்த ஓரம். பிள்ளைங்க மூணும் உன் பக்கத்துல. தாராளமா இருக்கு. படுத்துப் பாரு."

அவள் படுக்கவில்லை. தரையைப் பார்த்தாள். அப்பாவைப் போலவே அவளுக்கும் முதலில் கண் தரைக்குத்தான் போகும்.

"தாத்தா, மூலையில இந்தச் சதுரம் என்ன?" என்றாள் வக்கீல்.

"அது தூண்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

"கப்பல்ல தூணா?" வக்கீல் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள். "இதுல தூணே இல்லையே. கதவும் இந்தப் பக்கம் இல்ல. ஜன்னல் வட்டமா இருக்கு."

"பிரிண்ட்ல விட்டிருப்பான்."

"கதவையுமா தப்பாப் போட்டிருப்பான்?"

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அளவு தப்பாத கை என்று பேர் வாங்கியவர். நீளமும் அகலமும்கூடப் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்த மனைவி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏங்க," என்றார் மெதுவாக. "இது கப்பல் இல்லீங்க. இது நம்ம கிடங்கு ரூமு."

படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கித் தரையைப் பார்த்தார்கள். பிறகு கடைக்குட்டி எழுந்து உட்கார்ந்தாள். "ஆமாண்ணா! நான் ஜன்னலடியில கெடக்கேன். என் பூப்போட்ட துண்டு இங்கதானே இருந்துச்சு!"

"என் செவப்பு இங்க," என்றான் மகன், தான் படுத்திருந்த தரையைத் தட்டி. தூணை ஒட்டிச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தான், சின்ன வயதில் படுத்த மாதிரியே. யாரும் அவனை அங்கே படுக்கச் சொல்லவில்லை.

கிடங்கு அறையின் தரைக்குச் சொந்தமாக ஒரு கார்ப்பெட் கிடையாது. வேலைக்குப் போன வீடுகளில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து அவர் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தார். டாக்டர் வீட்டுச் சிவப்பு, ஹோட்டல் மாடிப்படியின் பூப்போட்டது, ஏதோ ஆபீசின் பச்சை. ஆளுக்கொரு நிறம். அடுத்தவர் நிறத்தில் கால் வைத்தால் சண்டை. அந்தத் தரையின் மேல் வெயில் விழும் மத்தியான வேளைகளில் புதுக் கார்ப்பெட்டின் வாசனையும் பசையின் நெடியும் கலந்து எழும். இன்றும் எங்காவது அந்த வாசனை வந்தால் அவருக்கு நெஞ்சு இளகிவிடும்.

பேச்சு பிடித்துக்கொண்டது. சுருளுக்குள் புகுந்து மாட்டிக்கொண்ட கடைக்குட்டியைக் காலைப் பிடித்து இழுத்த கதை. முதலாளி வந்தபோது மகன் அவரைக் கடல் கொள்ளைக்காரன் என்று துடுப்பால் குத்திய கதை. மாப்பிள்ளையும் மருமகளும் இதையெல்லாம் ஏற்கெனவே பல முறை கேட்டிருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தார்கள். கார்ப்பெட்காரருக்கு, தான் செய்த தவறே நல்லதாகிவிட்டது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூத்தவளைப் பார்த்தார்.

அவள் இன்னும் கதவு இடைவெளியிலேயே நின்றிருந்தாள்.

"உன் பச்சை எங்க கேப்டன்?" என்றார்.

"இதான். நின்னுட்டிருக்கேனே." அவள் சிரித்தாள். "வாசப்படி."

"உக்காரு அப்ப."

"அக்காவுக்கு எங்க படுத்தாலும் ஓகேதான்," என்றாள் கடைக்குட்டி. "அக்கா, நீ வா. பிள்ளைங்கன்னா உனக்கு உயிரு."

"உயிருதான். அதுக்காக ஒரு வாரம் பூரா என் உயிர எடுக்கணுமா?" சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "அப்பா, எனக்கும் அந்த ரூம் பிடிக்கும். தூணுல சாஞ்சு படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா யாராவது வந்தா முதல்ல சுருட்டறது என் படுக்கையத்தான். பெரியவ, அட்ஜஸ்ட் பண்ணிக்குவான்னு. இப்பவும் எங்க போனாலும் அப்படித்தான். கல்யாண வீடோ, டூரோ, அவ தனியாத்தானே, பிள்ளைங்களோட படுத்துக்குவான்னு. யாரும் கேக்கறதுகூட இல்ல."

மகன் எழுந்து உட்கார்ந்தான். மருமகள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். போன வருடப் பயணத்தில் அறை பிரித்தது அவள்தான்.

"கப்பல்ல கேப்டனுக்குத்தாம்பா தனி ரூமு," என்றாள் மூத்தவள். "நம்ம கப்பல்ல மட்டும் கேப்டன் வாசப்படியில படுத்தா."

கார்ப்பெட்காரர் மனதில் அந்த வாசற்படி வேறு மாதிரி இருந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூத்தவள் விழித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போவார். கருவியெல்லாம் குலுங்காமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். அத்தனை வருட வேலையில் தான் செய்த மிகக் கவனமான வேலை அதுதான் என்று அவருக்கு ஓர் எண்ணம் உண்டு.

"காலையில நான் போறப்பல்லாம் நீ நல்லாத் தூங்கிட்டிருப்பியேம்மா," என்றார்.

"ஒரு நாளும் இல்லப்பா. நீங்க தாண்டிப் போனதுக்கு அப்புறந்தான் தூங்குவேன். மிதிச்சுடுவீங்களோன்னு பயம். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு சத்தமில்லாமப் போறீங்க, கண்ணத் தொறந்தா வருத்தப்படுவீங்கன்னு மூடிட்டுக் கெடப்பேன்."

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் தரையில் இறங்கினார். ஒரு பக்கச் சுவரை நகத்தால் கிளப்பி, சர்ரென்று உரித்தார். வாலு கைதட்டினான். உரித்த சுவரை உள்ளே தள்ளி ஒட்டினார்.

"அப்பா, என் காலு!" என்றான் மகன்.

"கால மடக்கு."

"இன்னும் எவ்வளவு மடக்கறது?"

"எந்திரிச்சு நில்லு அப்ப."

கூடம் சிறியது. ஒரு தனி அறைக்கு இடம் எடுக்க, நடு அறையைக் கிட்டத்தட்டப் பாதியாக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை தானாகவே எழுந்து சோபாவுக்குப் போனார். டேப்பை இழுத்து ஒட்டும்போது கார்ப்பெட்காரருக்கு நெஞ்சுக்குள் ஏதோ குறைந்துகொண்டே போவது தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒருவர் பேச்சு அடங்குவதற்குள் இன்னொருவர் தொடங்கி, எல்லோர் மூச்சும் ஒரே அறையில் கேட்டுக்கொண்டு... அதைத்தான் அவர் கடலில் தேடியிருந்தார். அது இனி எந்தக் கப்பலிலும் இல்லை. புத்தகத்தில் இருந்தாலும் இல்லை. அவர் கை நிற்கவில்லை. மூலையை மடித்து அழுத்தித் தேய்த்தார்.

"அந்த ரெண்டாவது புத்தகத்த எடு," என்றார் மனைவியிடம், தலை நிமிராமல். "டிராவல்ஸ் பொண்ணுக்குப் போன் போடு. சின்னக் கப்பலுன்னு சொல்லு. ஒரு ஆளு ரூம் ஒண்ணு வேணும்னு முதல்ல சொல்லு. மத்தது அப்புறம்."

"சின்னக் கப்பல்ல சறுக்குக் குழாய் இல்லையே!" என்று வக்கீல் ஆட்சேபித்தாள்.

"அட்டைக் குழாய் வாங்கித் தர்றேன்."

"அது எதுக்கு?"

"உங்கப்பனைக் கேளு. முதலாளியையே குத்தினவன்."

வக்கீல் அரை மனதாக வழக்கை ஒத்திவைத்தாள். மூத்தவள் வரச் சம்மதம் என்று சொல்லவில்லை. அப்பாவின் கை போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டையும் ஒட்டிவிட்டு அவர் எழுந்தார். மகன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மூத்தவள் கோட்டருகே போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

"தாத்தா, பெரியத்தை ரூமுக்குக் கதவே வைக்கலையே," என்றாள் வக்கீல். "சுவர் வழியாப் போக முடியாது. ரூல்."

அவர் அசடு வழிந்தார். நான்கு பக்கமும் அடைத்துவிட்டிருந்தார். கட்டரைப் பையிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினார். "நீயே வச்சுக்க. எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம்."

குடும்பத்தின் அறைப் பக்கம் வைப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். மறைக்க வேண்டியதில்லை, ஆசைப்பட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூரத்துப் பக்கம், வாசலைப் பார்த்த பக்கம் போய் உட்கார்ந்து டேப்பை இரண்டு இடத்தில் அறுத்து உரித்தாள். உள்ளே போனாள். திரும்பி, இல்லாத கதவைச் சாத்தினாள். இல்லாத தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு தரையில் படுத்து, கையையும் காலையும் நான்கு பக்கமும் நீட்டினாள். ஒரு விரல்கூட யார் மேலும் படவில்லை. அவள் முகம், லாரி வந்த நாட்களில் பருத்த சுருளின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது.

மனைவி எல்லோரையும் சைகையால் சமையலறைக்கு அழைத்தார். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். வாலுவை மட்டும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது.

கார்ப்பெட்காரர் கூடத்தில் தனியாக நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஓர் எட்டு வைத்துத் தாண்டினால் மகளிடம் போய்விடலாம். நீலக் கோடு காலடியில்தான் இருந்தது. காலைத் தூக்கியும்விட்டார். பிறகு இறக்கினார். டி.வி.யைச் சுற்றி, சோபாவுக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து, வாசல் பக்கம் வந்து குனிந்து, தரையில் விரலால் தட்டினார்.

"யாரு?"

"தரை போட வந்திருக்கேன், மேடம்."

அவள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

"கேப்டன் தூங்கறாங்க. அப்புறமா வாங்க."

"சரிங்க," என்றார் அவர். வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே சத்தமில்லாமல் சுற்றிப் போனார்.